ரெண்டு பேருக்கு ஒரு செருப்பு

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுதிய புத்தகத்திலேயே அவர் பெயர் இல்லை. நான் போட்டு என்ன கிழிக்கப்போகிறேன்.

பல்லடம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் டேபிளில் இருந்தார். தைத்து வந்த சரக்கைப் பெட்டி கட்டும் முன் குறை பார்க்கிற இடம் அது. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் என்று எதைக் கண்டாலும் அங்கே சிவப்பில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகப் போடுவார்கள். எல்லா செக்கர்களும் செய்வதுதான். ஆனால் மற்றவர்களுக்கு அது வேலை, அக்காவுக்கு அது சுபாவம். அம்பு ஸ்டிக்கர் தாளில் பாதியைக் கிழித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகியே வைத்திருப்பார். கேன்டீனில் விளிம்பு உடைந்த டம்ளர் வந்தால் அதில் ஒரு அம்பு. பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் ஆடினால் அதில் ஒரு அம்பு. ஆயுத பூஜைக்கு முதலாளி அடித்த நோட்டீஸில் ஒருமுறை தேதி தப்பாகிவிட்டது. மறுநாள் காலையில் சுவரில் இருந்த நோட்டீஸின் தேதிக்கு நேராகச் சிவப்பு அம்பு. யார் ஒட்டியது என்று முதலாளிகூடக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வேறு நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்.

அக்காவுக்குக் கோவில்பட்டிப் பக்கம். இருபது வருடம் திருப்பூரில் இருந்தும் பேச்சு துளி மாறவில்லை. நாங்கள் 'ங்க' போட்டுப் பேசினால், "என்னத்துக்கு இத்தன ங்க? ஒரு பனியனுக்கு எத்தன பட்டன்தான் வைப்பீக?" என்று கிண்டல் செய்வார்.

எனக்கு முதல் அம்பு, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் விழுந்தது. மாடி ஆபீஸில் கம்பெனியின் ஆன்லைன் விற்பனை என் பொறுப்பு. ஒரு டீ சர்ட்டை ஏற்றும்போது 'நூறு சதம் காட்டன்' என்று போட்டிருந்தேன். அக்கா அந்த டீ சர்ட்டோடு படியேறி வந்து என் கம்ப்யூட்டர் திரையில், அந்த வரிக்கு நேராக, அம்பை ஒட்டினார்.

"தம்பி, இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு. தொட்டுப் பாருங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க்கா போடறாங்க."

"எல்லாரும் போட்டா, கலந்தது பிரிஞ்சிருமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் குரலில் குத்தல் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் பொருளுக்குத்தான் அம்பு ஒட்டுவார். டெய்லர் யார், எந்த லைன் என்று அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தனியாகப் போய், மெசினுக்குப் பக்கத்தில் குனிந்து, காதோடு ஏதோ கேட்டுவிட்டு வருவார். அது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்கிற வயசா எனக்கு? ஆன்லைனில் லெக்கிங்ஸ் விற்றுப் பெரிய ஆளாகிவிட்டதாக நினைப்பு.

என் வேலையின் சூட்சுமம் கீவேர்டில் இருந்தது. வாங்குகிறவர் தேடும் இடத்தில் என்ன தட்டுவார் என்று யோசித்து, அந்த வார்த்தைகளை நம் சரக்கின் பின்னால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்க வேண்டும். அவர் அதைத் தட்டினால் நம் சரக்கு முன்னால் வந்து நிற்கும். சாதாரண லெக்கிங்ஸுக்கு நான் யோகா என்பேன், ஜிம் என்பேன், பயணம் என்பேன். யோகாவுக்கும் அந்த லெக்கிங்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குனிந்தால் கிழிந்துவிடும். ஆனாலும் விற்றது. அதனால் எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று இருந்தேன்.

ஒரு மதியம் அக்கா தயிர்சாத டப்பாவோடும் ஒரு பென் டிரைவோடும் சாம்பிள் ரூமுக்கு வந்தார். பனியன் போடும் பிளாஸ்டிக் கவரில் அந்தப் பென் டிரைவைப் பத்திரமாகச் சுற்றியிருந்தார்.

"தம்பி, ஒரு புத்தகம் எழுதியிருக்கேன். சிரிக்கக் கூடாது."

நான் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்தேன். செக்கிங் ரிப்போர்ட்டின் பின்பக்கங்களில் இரண்டு வருடமாக எழுதி, இங்கே ராயபுரத்தில் ஒரு கடையில் டைப் அடித்து வாங்கியிருக்கிறார். அந்தக் கடையிலேயே ஐம்பது பிரதி அச்சடிக்கவும் சொல்லியிருக்கிறார். அது போதாது, கம்ப்யூட்டரிலும் வர வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும் என்றார். நாமே புத்தகத்தை ஏற்றிக்கொள்ளும் தளங்கள் இருக்கின்றன, ஒரு மணி நேர வேலை என்றேன். பெயர் போட வேண்டாம், கம்பெனியில் இருக்கும் வரை 'ஒரு செக்கர்' என்றே இருக்கட்டும் என்றார். தலைப்பு, 'நாப்பத்தோரு பீஸ்'.

"அக்கா, இந்தப் பேர்ல போட்டா ஆளுக இதைப் பனியன் செட்டுன்னு நெனச்சுக்குவாங்க. 'நூல் பிடித்து மேலே வா'ன்னு வெச்சரலாமுங்க. ஒரு கிக் இருக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "தலைப்பு உங்க இஷ்டம். வார்த்தைய மட்டும் நான் சொல்லுததைப் போடுங்க," என்று ஒரு சீட்டை நீட்டினார். அந்தத் தளத்தில் கீவேர்டுக்கு ஏழு கட்டங்கள் உண்டு என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏழு கட்டம் வரைந்து, உருண்டை எழுத்தில் நிரப்பியிருந்தார்.

ரெண்டு பேருக்கு ஒரு செருப்பு. ராயபுரம் பச்சைக் கேட்டு. மஞ்ச நூல் கொலுசு. குண்டடம் பஸ்ஸுல விட்ட குடை. நாப்பத்தோரு பீஸ். சுக்குக் காப்பிச் சண்டை. அக்கா கோவம் தங்கச்சி கோவம்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "ஆருங்க்கா இதையெல்லாம் தேடப் போறாங்க?"

"ஒருத்தி தேடுவா," என்றார்.

அப்போதுதான் தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஊரிலிருந்து வந்தார்கள். ராயபுரத்தில் பச்சைக் கேட் போட்ட லைன் வீட்டில் ஒரு ரூம். முதல் மூன்று மாதம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடிச் செருப்பு. ஒருத்தி பகல் ஷிப்ட், ஒருத்தி நைட் ஷிப்ட். கம்பெனி கேட்டில் கழற்றி மாற்றிக்கொண்டு, ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே வருவாள். தங்கச்சி கழிவு நூலில் கொலுசு முடைந்து அக்காவுக்குப் போட்டுவிடுவாளாம். பிறகு இந்தக் கம்பெனியில் தங்கச்சி டெய்லர், அக்கா செக்கர். ஒரு நாள் அவசர ஆர்டர். தங்கச்சி தைத்த பீஸ்களில் ஊசி ஓட்டை. அக்கா எடுத்தார், அம்பு ஒட்டினார், எடுத்தார், ஒட்டினார். நாற்பத்தொன்று. சூப்பர்வைசர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், லைனே பார்த்திருக்க, அவள் மடியில் கொட்டிக் கத்தினான். தங்கச்சி எழுந்து கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவள்தான். ரூமுக்கும் வரவில்லை. ஊரில் ஒரு பக்கத்து வீட்டுக்கு மட்டும் போன் செய்து, நான் நல்லா இருக்கேன், அக்காகிட்ட என்னைத் தேட வேண்டாம்னு சொல்லுங்க என்றாளாம்.

"தேடாதேன்னுட்டா. சரின்னு நானும் தேடல," என்றார் அக்கா. "அவ தேடுனா நான் கெடைக்கணும்ல தம்பி. அதுக்குத்தான் இந்தப் புத்தகம்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? ஏழையும் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சீட்டை மேசையில் வைத்தேன். அந்த ஏழு வார்த்தைகளை யாராவது தேடுகிறார்களா என்று பார்த்தேன். ஒன்றுக்குக்கூட ஆள் இல்லை. 'பணம் சம்பாதிப்பது எப்படி', 'தன்னம்பிக்கை', 'ஜெயித்த பெண்கள்', 'சொந்தத் தொழில்' என்று ஏழு கட்டத்தையும் நிரப்பினேன். அக்காவுக்கு நல்லதுதானே செய்கிறோம், நூறு பேர் படிக்கட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சையாகச் சொன்னால், நான் ஏற்றிய புத்தகம் ஓடவில்லை என்ற பேர் எனக்கு வேண்டாம். அவ்வளவுதான். சீட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. கூட்டுகிறவர் அள்ளிக்கொண்டு போயிருப்பார்.

புத்தகத்தை நான் படிக்கவும் இல்லை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தேன்.

ராயபுரத்தில் அச்சடித்த ஐம்பது பிரதியும் வந்தபோது, அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு முறை விழுந்திருந்தது. அக்கா உட்கார்ந்து ஐம்பதிலும் அந்த வரிக்கு அம்பு ஒட்டினார். "சொந்தப் புத்தகத்துக்கே அம்பாங்க்கா?" என்று கேட்டேன். "மத்தவுக பனியனுக்கு ஒட்டுதேன், என்னோடதுக்கு ஒட்டாட்டி என்ன நியாயம்?" என்றார்.

புத்தகம் ஓடத்தான் செய்தது. பணம் சம்பாதிக்க வழி தேடியவர்கள் எல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் திட்டினார்கள். 'ஜெயிப்பது எப்படி என்று பார்த்தால் அக்கா தங்கச்சி சண்டையை எழுதி வைத்திருக்கிறார்கள், நேரம் வீண்' என்று ஒருவர். 'ஏமாற்று வேலை' என்று ஒருவர். அக்கா தன் போனில் அதையெல்லாம் உட்கார்ந்து படித்தார்.

"கண்டுக்காதீங்க்கா. பொழப்பத்தவனுக."

"அவுக பொய் சொல்லலியே தம்பி. என்னமோ தேடி வந்திருக்காக. இங்க அது இல்ல. ஆனா இங்க இருக்கும்னு அவுகளுக்கு யாரு சொன்னது?"

"அது மெசினே பண்ணிக்குமுங்க்கா," என்றேன். என் நாக்கைத்தான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு திங்கள்கிழமை தவறாது அக்கா மாடிக்கு வருவார். டீ இடைவேளையில், கழுத்தில் இஞ்ச் டேப்பும் கையில் டம்ளருமாக வாசலில் நிற்பார். உள்ளே மற்றவர்கள் இருந்தால் பேச மாட்டார். அவர்கள் போகும் வரை சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, அந்த வார்த்தைய யாராச்சும் தேடுனாகளா?"

"இல்லீங்க்கா. ஒருத்தருமில்லீங்க."

"எதுக்கும் ஒருக்கா பாத்திருங்க. வேல மும்முரத்துல எங்கயாச்சும் விட்டுப் போயிருக்கும்."

"எல்லாம் கரெக்டா இருக்குதுங்க்கா."

"சரி தம்பி," என்று டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்குவார். வாராவாரம் இதே பேச்சு. முதல் சில வாரம் எனக்கு உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. பிறகு எரிச்சலாகக்கூட வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு திங்கள்கிழமை அவர் படியேறுகிற சத்தம் கேட்டு, யாரும் அழைக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் நடித்திருக்கிறேன். அவர் அன்றும் காத்திருந்தார். சைகையில் 'அப்புறம் வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு கட்டத்தையும் மாற்றி எழுதினால் முடிகிற வேலை. சொன்ன பொய்யை ஒத்துக்கொள்வது போலாகிவிடும் என்று அதைக்கூடச் செய்யவில்லை.

ஒரு வருடத்துக்குமேல் இப்படி ஓடியது. அதற்குள் சர்க்கரை அக்காவின் கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் அவர் பார்த்துச் சரியென்று விட்ட பனியனில், அடுத்த டேபிள் பெண் எண்ணெய்க் கறையைக் கண்டுபிடித்தாள். அக்கா அந்த அம்பை வாங்கித் தன் முந்தானையில் ஒட்டிக்கொண்டு மாடிக்கு வந்து, "இந்தப் பீஸு இனி ஓடாது, கணக்க முடிச்சுருங்க," என்று மேனேஜரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஊருக்குப் போகும் அன்று, பனியன் கவரில் போட்ட ஒரு பிரதியை என் கையில் கொடுத்தார்.

"நேரம் இருக்கும்போது ஒருக்கா பிரிச்சுப் பாருங்க தம்பி."

"கண்டிப்பாங்க்கா," என்றேன். கவரோடு மேசையின் அடி டிராயரில் வைத்தேன். அதன்மேல் பில் புத்தகங்கள் ஏறின.

இரண்டு வருடம் கழித்து, போன வைகாசியில், கீழே கேட்டிலிருந்து போன். மாடி ஆபீஸ் தம்பியைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்கிறார் என்றார்கள். வந்தவரைப் பார்த்ததும் தங்கச்சி என்று தெரிந்துவிட்டது. துணியைப் பார்ப்பதுபோல் முகத்தை லேசாகச் சாய்த்துப் பார்க்கிற, அக்காவின் அதே பார்வை. கையில் அந்தப் புத்தகம்.

"மாடி ஆபீஸ் தம்பி நீங்கதானா?" என்று புத்தகத்தின் முன்பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். நான் பார்த்திராத வரி. அச்சடித்த பிரதியில் மட்டும் சேர்த்திருக்கிறார். 'தேடுகிறவள் கைக்கு இந்தப் புத்தகம் போய்ச்சேர வழி செய்த மாடி ஆபீஸ் தம்பிக்கு நன்றி.'

சித்திரையில் அக்கா இறந்துபோய்விட்டாராம். பதினாறாம் நாளுக்குத்தான் இவருக்குத் தெரிந்து போயிருக்கிறார். டிரங்குப் பெட்டியில் புத்தகம் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் இவர் இருந்தது காங்கேயத்தில், ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு எடுக்கும் வேலையில். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

"மூணு வருசம் முந்தியே ஊர்க்காரி ஒருத்தி சொன்னா, உங்கக்கா புத்தகம் எழுதியிருக்கா, அதுல நீ இருக்கேன்னு. புத்தகத்துப் பேரு அவளுக்குத் தெரியல. களத்துல ஒரு பிள்ளயோட போன வாங்கி நானே தேடுனேன். ரெண்டு பேருக்கு ஒரு செருப்புன்னு போட்டேன். விலையோட செருப்பா வந்துச்சு. பச்சைக் கேட்டுன்னு போட்டேன், கேட்டு வந்துச்சு. நூல் கொலுசுன்னு போட்டேன். எத்தன நாளு! ஒண்ணும் வரல. சரி, ஊர்க்காரி கத விடுதா, அக்காளுக்கு நம்ம நெனப்பு எங்க இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்." அவர் அழவில்லை. சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். "இப்ப படிச்சா எல்லாமே உள்ள இருக்கே தம்பி. நான் தேடுனப்ப ஏன் வரல?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "கம்ப்யூட்டர்ல சில சமயம் அப்படி ஆயிருமுங்க."

"இருக்கும், இருக்கும்," என்று தலையாட்டினார். நான் செய்த உதவிக்கு நன்றி என்றார். வேறு பிரதி கிடைத்தால் சொல்லச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்குகிற சத்தம் அக்கா இறங்குகிற சத்தம்போலவே இருந்தது.

அடி டிராயரைக் காலி செய்து, கவரைப் பிரித்தேன். அறுபத்திரண்டாம் பக்கத்தில் அச்சுப் பிழைக்கு அம்பு இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு. ஏழு கட்டங்கள், அதே ஏழு வார்த்தைகள், உருண்டை எழுத்தில். அதன் கீழே:

'தம்பி, புத்தகம் ஏறின வாரமே நானும் தேடிப் பார்த்தேன். பிறகும் பார்த்தேன். வரவில்லை. வேலை மும்முரத்தில் விட்டுப் போயிருக்கும். இதைப் போட்டுருங்க.'

புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அந்தச் சீட்டில் அம்பு இல்லை.

செக்கர் அல்லவா. செக் பண்ணாமல் இருப்பாரா? முதல் வாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு திங்கள்கிழமையும் படியேறி வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, நானாகச் சரிசெய்துகொள்ள இடம் விட்டுக் கேட்டிருக்கிறார். நான் போனைக் காதில் வைத்து நடித்ததும் தெரிந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், மூன்று வருடத்துக்கு முன் படித்திருக்க வேண்டிய புத்தகத்தைப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அக்கா எழுதியிருந்தார்: 'அன்றைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏட்டி, உன் மெசின்ல ஊசி மழுங்கியிருக்கு பாரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நாற்பத்தோரு தடவை ஒட்டினேன். இனி மனுசருக்கு ஒட்ட மாட்டேன். தனியாகக் கேட்பேன். கேட்கவில்லை என்றால் மறுபடி கேட்பேன்.'

கட்டங்களை நிரப்பினேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் ரெண்டு பேருக்கு ஒரு செருப்பு என்று தட்டிப் பார்த்தேன். முதலில் புத்தகம்தான் வந்தது.

காங்கேயத்துக்குப் போன் செய்ய எனக்கு ஒன்பது நாள் ஆனது. களத்தில் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் எடுத்தார். கம்ப்யூட்டர் தப்பில்லீங்க, நான்தானுங்க போடலை என்றேன். போட்டேன் என்று உங்க அக்காவிடம் பொய் சொன்னேன் என்றேன். பொய் என்று தெரிந்தும் அவர் வந்து வந்து கேட்டார் என்றேன்.

"தெரிஞ்சேவா கேட்டா?"

"ஆமாங்க."

"யாரும் இல்லாதப்பவா?"

"ஆமாங்க. தனியாத்தானுங்க கேட்பாங்க."

"எத்தன தடவ?"

"வாராவாரமுங்க. ஒரு வருசத்துக்கு மேல."

களத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார் போல, உடைக்கிற சத்தம் தள்ளிப் போனது.

"என்கிட்ட அப்படி ஒருக்கா கேட்டிருந்தா," என்றார், "நான் எங்கயும் போயிருக்க மாட்டேனே தம்பி."